கை நடுக்கம் தீரத் தொம்மலூர் போனது

முப்பத்தாறாம் வருஷம் ஆடி நான்காம் தேதி காலை ஏழே முக்காலுக்கு ஜோலார்பேட்டையில் பெங்களூர் பாசஞ்சரில் ஏறினோம், நானும் என் அண்ணனும். பெங்களூருக்குப் போகிறவர்கள் குளிர்ச்சிக்குப் போவார்கள், பூந்தோட்டம் பார்க்கப் போவார்கள், வேலை தேடிப் போவார்கள். நாங்கள் ஒரு கை நடுக்கத்தைத் தொலைத்துவிட்டு வரப் போனோம்.

அண்ணன் கூட்ஸ் வண்டி டிரைவர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அந்தச் சித்திரையில் குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு வளைவில், தண்டவாளத்தைக் கடந்த ஒருவர் அவருடைய இன்ஜினுக்கு முன்னால் வந்துவிட்டார். அண்ணன் பிரேக் போட்டார். அத்தனை வேகன் பாரமும் நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விசாரணையில் டிரைவர் மேல் தப்பில்லை என்று எழுதினார்கள். எழுதி என்ன? அன்றிலிருந்து அண்ணனுக்கு வலது கை மணிக்கட்டிலிருந்து நடுங்க ஆரம்பித்தது. காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். தூக்கமும் போயிற்று. ஆனியில் ரயில்வே டாக்டர் ஆறு வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் கை நடுக்கம் நின்றால் மறுபடி இன்ஜின், நிற்காவிட்டால் ஷெட்டில் காவல்காரர் வேலை. அதில் நான்கு வாரம் கஷாயத்திலும் மந்திரித்த கயிற்றிலும் போய்விட்டது.

திருப்பத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். எனக்குத் தெரியாத விஷயமே இல்லை என்று நினைக்கிற ஜாதி. பெங்களூர் தண்டில், அதாவது பட்டாளக்காரர்கள் இருக்கிற கன்டோன்மென்ட் பக்கத்தில், நரம்புத் தளர்ச்சிக்கு மருந்தே இல்லாமல் வைத்தியம் பார்க்கிற ஒரு நர்ஸ் இருப்பதாக யாரோ சொல்ல, லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அண்ணனை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

குப்பம் ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு போயிற்று. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்து எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார். அந்த வளைவு ஜன்னல் பக்கம்தான் வரும். பக்கத்திலிருந்த பட்டு வியாபாரி ஒருவர், "கைக்கு இன்னாங்க, வாதமா?" என்று விசாரித்தார். "ஆமாங்க, வாதம்தான்" என்றார் அண்ணன்.

பன்னிரண்டரைக்குத் தண்டு ஸ்டேஷன். தூறல். வானம் கழுவாத ஈயப் பாத்திரம் மாதிரி இருந்தது. அல்சூர் சந்தைக்குப் பின்னால் ஓர் அறை பேசி வைத்திருந்தேன். இரண்டு மைலுக்கு ஜட்கா வண்டிக்காரர் ஐந்தணா கேட்டார். நான் நாலணாவில் நின்றேன். "மழையில நாலணாவுக்குக் குதுரை வராது சாமி, நான் வேணா வர்றேன்" என்றார் அவர். ஐந்தணாவே கொடுத்தேன். பெங்களூர் குளிரைப் பற்றி ஊரில் பெருமையாகப் பேசுவார்கள். எனக்கு அது ஈரத் துணியைத் தோளில் போட்ட மாதிரிதான் இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தொம்மலூருக்கு நடந்தோம். அல்சூரிலிருந்து இரண்டு மைல், பாதி வழி பட்டாளத்து மைதானம், பாதி வழி கேழ்வரகுக் கொல்லை. ஊருக்குள் ஓட்டு வீடு ஒன்றில் அந்த நர்ஸ் ரோசம்மா இருந்தார். ஐம்பது வயதிருக்கும். தமிழ் கிறிஸ்தவர், விதவை. பதினாலாம் வருஷத்துப் பெரிய சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் உடம்பெல்லாம் உதறிக்கொண்டு திரும்பி வந்தபோது ராணுவ ஆஸ்பத்திரியில் அவர்களைப் பார்த்துக்கொண்டவர். நான் அண்ணனுடைய சரித்திரத்தை ஆதியோடு அந்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கதை பொறவு ஆவட்டும் மாஸ்டர். மொதல்ல அவரு பாடிய பாக்கறேன். பாய்ல மல்லாந்து படுங்க அண்ணே."

அண்ணன் படுத்தார். முழங்காலை மடக்கியே வைத்திருந்தார். ஒரு பெண்பிள்ளைக்கு எதிரே காலை நீட்டுவதா என்ற கூச்சம். ரோசம்மா சிரிக்காமல் எழுந்துபோய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்ட பிறகுதான் கால் நீண்டது. அடுத்து வலது கையைப் பிடித்துத் தூக்கினார். "முழு வெயிட்டையும் என் மேல போடுங்க. நான் உட்டா, கையி தொப்புனு உழணும்" என்றார். விட்டார். கை விழவில்லை. தூக்கின இடத்திலேயே அந்தரத்தில் நின்றது, நடுங்கிக்கொண்டே.

"இன்னாத்துக்குப் புடிச்சிக்கினு கீறீங்க?"

"கனமான கைங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு..." என்றார் அண்ணன்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். ரோசம்மா என் பக்கம் திரும்பி, "நீங்களும் படுங்க மாஸ்டர்" என்றார். படுத்தேன். என் கையைத் தூக்கினார், விட்டார். அதுவும் அப்படியே நின்றது. அவர் தூக்குவதற்கு முன்பே நானே தூக்கிக் கொடுத்திருந்தேனாம். வகுப்பில் பையன்களுக்கு முன்னால் அசடு வழிந்தவன் மாதிரி எழுந்து உட்கார்ந்தேன். அண்ணன் முகத்தில் மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது.

"இதான் தொல்லை. பெரியவங்க, பொம்பளைங்க, விருந்தாளினு நம்ம சனத்துக்கு எப்பவும் ஒடம்பு எழுந்து நின்னுக்கினே இருக்குது. தூங்கறப்பகூட உக்காராது" என்றார் ரோசம்மா.

அவருடைய வைத்தியத்தைப் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாத்திரை கிடையாது, பத்தியம் கிடையாது. முதலில் உள்ளங்காலுக்கு வெதுவெதுப்பான நல்லெண்ணெய். துணியில் சுற்றிய சூட்டுச் செங்கல் வயிற்றின் மேல். பிறகு முஷ்டியை இறுக்கி ஐந்து எண்ணி விடுவது, தோளைக் காது வரை தூக்கி விடுவது, பல்லைக் கடித்து விடுவது. அதன்பின் மூச்சு. இழுப்பது எப்படியோ இருக்கட்டும், விடுவது மட்டும் நீளமாக, கொதி அடங்குகிற பாத்திரம் மாதிரி, சத்தம் வராமல். நடுக்கம் வந்தால் அடக்கக் கூடாது. "நாயி மழையில நனைஞ்சா ஒதறிக்கிது. நீங்க மட்டும் ஏன் கட்டிப் புடிக்கிறீங்க? ஒதறட்டும்" என்பார். தினம் ஒன்றரை மணி நேரம். பன்னிரண்டு நாளுக்கு ஆறு ரூபாய்.

முதல் ஐந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. தினம் நனைந்துகொண்டு போனோம், நனைந்துகொண்டு வந்தோம். அறையில் துணி காயவில்லை. எனக்கு எரிச்சல் முட்டிக்கொண்டு வந்தது. ஒரு நாள் சாப்பாட்டுக் கடையில், "நீ மனசு வச்சாத்தானே கை நிக்கும்!" என்று கத்திவிட்டேன். அண்ணன் ரசத்தில் விரலை வைத்தபடி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவருடைய தூக்கத்துக்காக மட்டும் நான் அவரைக் கூட்டிப்போகவில்லை. என் அண்ணன் டிரைவர் என்று சொல்லித்தான் நான் வளர்ந்தேன். ஷெட்டுக் காவல்காரருக்குத் தம்பியாக இருக்க எனக்கு மனமில்லை.

ஆறாம் நாள் காலை எட்டேகால் இருக்கும். ரோசம்மா கையைத் தூக்கி விட்டார். அது பாயில் தொப்பென்று விழுந்தது. உடனே தொடை நடுங்கியது, வயிறு நடுங்கியது, தாடை அடித்துக்கொண்டது. நான் பதறி எழுந்தேன். "கிட்ட போவாதீங்க" என்றார் ரோசம்மா. கால் மணி நேரம் அப்படி ஆடியது அந்த உடம்பு. பிறகு அண்ணன் அழுதார். நாற்பத்தைந்து வயது மனிதர், அப்பா செத்தபோது அழாதவர், பாயில் மல்லாந்தபடி காதோரம் கண்ணீர் வழிய அழுதார். அழுதுகொண்டே தூங்கிப்போனார். மதியம் இரண்டு மணி வரைக்கும் அவரை யாரும் எழுப்பவில்லை. அந்த வீட்டு முற்றத்தில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பிள்ளை பிறந்தபோதுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அதற்குப் பிறகு நாளுக்கு நாள் தேறினார். பத்தாம் நாள் டம்ளரை ஒரே கையால் தூக்கிக் குடித்தார். பன்னிரண்டாம் நாள் கிளம்பும்போது ரோசம்மாவிடம், "இனி இன்ஜின்ல ஏறலாமில்ல?" என்று நான் கேட்டேன்.

"கையி நிக்கணும்னு வந்தீங்க, நின்னுது. ஏறறதா வேணாவானு என்னைக் கேட்டா? அவரையில்ல கேக்கணும்" என்றார். நான் கேட்கவில்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

ஆடி பதினேழாம் தேதி பகல் ஒன்றேகாலுக்குத் தண்டு ஸ்டேஷனில் திரும்புகால் வண்டி. அதன் டிரைவர் காதர் பாய், அண்ணனோடு ஒரே ஷெட்டில் இருப்பவர். பிளாட்பாரத்தில் பார்த்ததும் கட்டிக்கொண்டார். "அரே, கை நின்னுடுச்சா! வாங்கண்ணே, ஏறுங்க. கைக்குப் பழக்கம் உட்டுப் போவக் கூடாது" என்றார். அண்ணன் தயங்கினார். டாக்டரிடம் மறுநாள் போகவேண்டும், அதற்கு முன் ஒரு ஒத்திகை நல்லதுதானே என்று எனக்குப் பட்டது. "போண்ணா" என்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டவன் நான்தான்.

எனக்கு மூன்றாம் வகுப்பில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வண்டி சீராகப் போயிற்று. ஒயிட்பீல்டு தாண்டியதும், ஓட்டுவது அண்ணன்தான் என்று பக்கத்து ஆளிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். மாலூருக்கு அப்பால் திடீரென்று விசில் நீளமாக அலறியது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி வேகம் குறைந்தது. எட்டிப் பார்த்தேன். புல்லுக்கட்டு ஒன்று அவிழ்ந்து சரிவில் சிதறிக் கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு பெண் நின்று எங்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றுமில்லை. வண்டி மறுபடி வேகம் பிடித்தது.

பங்காருப்பேட்டையில் அண்ணன் இறங்கி என் பெட்டிக்கு வந்து எதிரே உட்கார்ந்தார். முகத்தில் கரி. முகம் அமைதியாகத்தான் இருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

"அந்தப் பொம்பளைய மொதல்ல பாத்தது நான்தான்" என்றார்.

"சரி, விசில் குடுத்தியேண்ணா."

"நான் குடுக்கல. காதர்தான் என்னைத் தள்ளிட்டு இழுத்தாரு, பிரேக்கையும் அவருதான் போட்டாரு. நான் பாத்தேன், ஆளுன்னு தெரிஞ்சுது. ஒடனே அந்தம்மா சொன்ன மாதிரி மூச்ச நீளமா உட்டேன். நெஞ்சு அடிக்கல, கை நடுங்கல. அப்படியே நின்னுட்டேன் தம்பி."

நான் அவர் கையைப் பார்த்தேன்.

"சித்திரையில அந்தாளு வந்தப்போ நான் நெனைக்கறதுக்கு முன்னால கை துள்ளிப் பிரேக்குல உழுந்துச்சு. அப்பவும் பத்தல. ஆனா துள்ளிச்சு. இன்னிக்குத் துள்ளல." வலது கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்தார். "நாளைக்கு டாக்டர் இந்தக் கையப் பாத்தா பாஸ் போட்டுருவாரு. நான் போறதா இல்ல. ஷெட்டுல காவலுக்கு எழுதிக் குடுத்துடறேன்."

நான் வாதாடினேன். பழக்கம் விட்டுப்போனதால் வந்தது என்றேன், பத்து நாளில் சரியாகும் என்றேன், இருபத்திரண்டு வருஷம் என்றேன். அவர் கோபப்படவில்லை. தூங்கிப்போனார். அன்றைக்குத் தூங்குவதற்கு அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

தொம்மலூருக்குப் போகலாமா என்று இப்போதும் சிலர் என்னைக் கேட்கிறார்கள். போங்கள் என்றுதான் சொல்கிறேன். ரோசம்மா ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஒரு குறையும் வைக்கவில்லை. தூக்கம் வேண்டியவர்களுக்கு அங்கே தூக்கம் கிடைக்கும். எங்கள் ஊர் வெயிலில் உட்கார்ந்து இதை எழுதும்போது அந்த மழையையும் ஈரப் பாயையும் நினைத்துக்கொள்கிறேன். போகாமலே இருந்திருக்கலாம் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள், அவர் தூங்குகிறாரே, அது போதாதா என்றும் தோன்றுகிறது.

அன்றைக்கு மாலை ஐந்தே முக்காலுக்கு ஜோலார்பேட்டை. அண்ணி பிளாட்பாரத்துக்கே வந்து காத்திருந்தாள். அண்ணன் இறங்கியதும் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். அது ஆடாமல் அசையாமல் பெட்டியைப் பிடித்திருந்தது. என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள். "என் வயித்துல பால வாத்தே தம்பி" என்று அழுதாள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான், "ஆமாண்ணி, கை சரியாயிடுச்சு" என்றேன்.