சீனி டப்பாவும் முட்டையிடாத அந்துப்பூச்சிகளும்

என் மகள் தன் தோழியின் கல்யாணத்துக்காகப் பொழியூரில் தங்கியிருந்த மூன்று நாளும் அவளுடைய அந்துப்பூச்சிகளுக்கு உணவு வைத்தது நான்தான். தக்காளியைத் துளைக்கும் புழு வளர்ந்து ஆகிற பூச்சி அது. பின்னறையில் இரண்டு வலைக்கூண்டுகள். மனிதனுக்கு இன்சுலின் போலப் பூச்சிக்கும் ஒரு ஹார்மோன் உண்டு. சத்து உடம்பில் சேர்ந்து அது சுரந்தால்தான் முட்டை முற்றும் என்பது அவளுடைய ஆராய்ச்சி. இடது கூண்டில் அந்த ஹார்மோனை ஊசி போட்டு அடக்கியிருந்தாள். வலது கூண்டுக்கு வெறும் உப்புநீர் ஊசி, ஒப்பிட்டுப் பார்க்க.

புதன்கிழமை காலை திரும்பி வந்தவள் லென்ஸால் வலைத்துணியைப் பார்த்தாள். இரண்டிலும் முட்டை இல்லை. இடது கூண்டில் அவள் எதிர்பார்த்ததுதான். வலதும் வெறுமையானால் ஒப்பிட எதுவும் இல்லை. திங்கட்கிழமை பேராசிரியரிடம் முடிவைக் காட்ட வேண்டும். மறுபடி புழுவிலிருந்து தொடங்க நேரமில்லை. கூண்டருகிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, சீனித்தண்ணி சரியாத்தானே வச்சிய?"

"டைரியில எழுதியிருக்கேன், மக்கா."

"நாம தும்மினதும் அதுல உண்டு. எடுத்து வாசி," என்றாள் என் மனைவி.

மகள் வாசித்தாள்: 'காலை 7.10. பஞ்சு மாற்றினேன். அடுக்களைச் சீனி டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி, ஒரு டம்ளர் நீர்.' அங்கே நிறுத்தினாள்.

"நான் வாங்கி வச்ச சீனி பாக்கெட்ட எடுக்கலியா?"

"பிரிக்காத பாக்கெட்ட எதுக்குப் பிரிக்கணும்னு விட்டேன்."

"நம்ம டப்பாவுல சீனி எங்க உண்டு? நீங்க இன்சுலின் போடத் தொடங்கின பெறவு அதுல கெடக்கது சர்க்கரைக்காரங்களுக்க இனிப்புப் பொடியாக்கும்," என்றாள் என் மனைவி.

நான் தினமும் காப்பியில் கலக்குவதும் அதுதான். நாக்குக்கு இனிப்பு, உடம்புக்கு ஒன்றுமில்லை. மூன்று நாளாக இரண்டு கூண்டையும் பட்டினி போட்டிருக்கிறேன். மகள் திட்டுவாள் என்று நின்றேன். அவளோ சிரித்துவிட்டாள். "அப்போ என் பூச்சிக்குக் கேடில்ல. சோறு கிட்டாம இருந்திருக்கு."

உடனே பாக்கெட்டைப் பிரித்தோம். பஞ்சில் ஊறிய நீரைப் பூச்சிகள் உறிஞ்சுவதைப் பார்த்த பிறகுதான் அவள் சாப்பிட வந்தாள்.

சனிக்கிழமை காலை வலது கூண்டின் துணியில் வெண்முட்டைகள், கசகசா தூவினாற்போல். இடது கூண்டின் துணி வெறுமையாக இருந்தது. இரண்டையும் இரண்டு முறை பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு லென்ஸைத் தந்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூச்சிக்கூண்டு முதல் மருந்துப்பெட்டி வரை எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி ஒட்டுகிறவன் நான். அன்று அடுக்களையின் அந்த டப்பாவுக்கும் ஒட்டினேன்: 'சீனி அல்ல.'