முதல் சாட்சி கொளஞ்சியப்பன்

இஸ்திரிப் பெட்டியைச் செங்கல்மேல் ஏற்றிவைத்துவிட்டு, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, நீட்டிய காகிதத்தை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தரம் படிப்பார். பிறகு கண்ணை மூடிக்கொள்வார். எதிரே நிற்கும் போலீஸ்காரர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

"இரு சார், இன்னும் தெரியில" என்பார் கொளஞ்சியப்பன். "பை என்னா கலரு? அத்த எழுதலியே நீங்க."

சேத்தியாத்தோப்பு போகும் சாலையில் ஒரு போலீஸ் ஸ்டேஷன், எதுவென்று சொல்லப்போவதில்லை. அதற்கு நேர் எதிரே தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறார். வயது அறுபத்திரண்டு. காக்கிச் சட்டையின் கை மடிப்பைக் கத்திபோல நிறுத்துவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஸ்டேஷனில் ஒரு பொருளைக் கைப்பற்றினால் மகஜர் எழுதுவார்கள். இன்ன இடத்தில், இன்ன நேரத்தில், இன்னார் எடுத்துக் கொடுக்க, இந்தச் சாட்சிகள் முன்னிலையில் கைப்பற்றினோம் என்று. சாட்சிக்கு வா என்று கூப்பிட்டால் ஊரில் எவன் வருவான்? சாலையைத் தாண்டினால் கொளஞ்சியப்பன் இருக்கிறார். இரண்டாவது சாட்சி யாராக இருந்தாலும், இருபது வருடமாக முதல் சாட்சி இவர்தான். கைப்பற்றிய இடம் எதற்கும் இவர் போனதில்லை. சூடான பெட்டியை விட்டுவிட்டு எங்கே போவது?

கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிற ஆசாமி என்று நினைத்தால் அது தப்பு. அவருக்கு ஒரு கொள்கை இருக்கிறது. "பாக்காம போட மாட்டன். நாளைக்குக் கோர்ட்டுல சத்தியம் பண்ணிச் சொல்லணும்ல?" என்பார். அதனால் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறவரை கேட்டுக்கொண்டே இருப்பார். எந்தக் கையால் எடுத்தான், நாய் குரைத்ததா, கதவு எந்தப் பக்கம் திறந்தது. "ஒன்னோட பெரிய ரோதன மாமா" என்று தலையில் அடித்துக்கொண்டே ஸ்டேஷன் ரைட்டர் செந்தமிழ்செல்வன் வாய்க்கு வந்ததைச் சொல்வார். சொன்னது மகஜரிலும் ஏறிவிடும். கொளஞ்சியப்பன் முகம் தெளியும். "ஆங், இப்பத் தெரியிது" என்று முத்து முத்தாகக் கையெழுத்துப் போடுவார்.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர் மனைவி பவானிக்கு வராது. போன காணும்பொங்கலுக்கு இருவரும் பிச்சாவரம் போயிருக்கிறார்கள். அதற்குமுன் அவர் அந்தப் பக்கம் போனதே கிடையாது. படகைவிட்டு இறங்கியதும் விறுவிறுவென்று நடந்து, வலை போட்டுவைக்கிற ஒரு கொட்டகையின் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"இங்கதான் பவானி, அந்த மூணு சாராயக் கேனும் எடுத்தது. ரெண்டு நீலம், ஒண்ணு வெள்ள. வெள்ளக் கேனு ஒழுவிக்கிட்டிருந்துச்சு."

"அன்னிக்கித்தான எனக்கு ஆப்பரேசன்? ஆஸ்பத்திரி வராண்டாவுலயே கெடந்தியே, மறுநாளு வந்துதான அந்தக் காயிதத்துல கையெழுத்துப் போட்ட, மறந்துபோச்சா?"

அவர் மனைவியைப் பாவமாகப் பார்த்தார். "நீ மயக்கத்துல இருந்த. ஒனக்கு எப்புடித் தெரியும்?"

அன்றைக்கு வராண்டாவில் படுத்திருந்தது யார் என்று பவானிக்கே ஒரு நிமிஷம் குழம்பிவிட்டது. வீட்டுக்கு வந்தபிறகும் இரண்டு நாள் அவர் பக்கத்தில் உட்காரவே பயமாக இருந்ததாம்.

கோர்ட்டில் அவரை எந்த வக்கீலாலும் அசைக்க முடிந்ததில்லை. பொய் சொல்கிறவனைத்தானே குறுக்கே கேட்டு மடக்கலாம்? இவர் கண்ணை மூடித் திறந்து, கண்டதைச் சொல்கிறார். இப்போது எதைக் கைப்பற்றினாலும் வீடியோ எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டதால் ஸ்டேஷனிலிருந்து அவருக்கு அழைப்பு குறைந்துபோனது. ஆனால் பழைய வழக்குகள் இன்னும் பாக்கி இருக்கின்றன.

அவற்றில் ஒன்று, மூன்று வருடத்துக்கு முன் நடந்த ஒரு லாரி டிரைவர் கொலை. இளவரசு என்கிற பையனைப் பிடித்தார்கள். வெள்ளாற்று மணலில் புதைத்துவைத்திருந்த கொடுவாளை அவனே தோண்டிக் கொடுத்ததாக மகஜர். அன்று கொளஞ்சியப்பனுக்கு வெகுநேரம் கண்ணில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

"அம்மாம் பெரிய ஆத்துல, வெறும் மணல்ல எடத்த எப்புடிக் கண்டுபுடிச்சான்? ஒரு அடையாளம் வேணாமா?"

செந்தமிழ்செல்வனுக்குச் சாப்பாட்டு நேரம். "சரி மாமா, ஒரு புங்கமரத்தடின்னு போட்டுக்கறன். இப்பத் தெரியிதா?"

தெரிந்தது. கையெழுத்துப் போட்டார்.

வருகிற திங்கட்கிழமை சிதம்பரம் கோர்ட்டில் அந்த வழக்குக்கு அவர் சாட்சி சொல்ல வேண்டும். கொடுவாளைத் தவிர இளவரசுமேல் வேறு ஆதாரம் இல்லை. முதல் சாட்சி "நான் அங்க போகல" என்று ஒரு வார்த்தை சொன்னால் பையன் வெளியே வந்துவிடுவான், இல்லாவிட்டால் ஆயுள்தான் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அவன் தாய் அமிர்தம் வியாழக்கிழமை இஸ்திரி வண்டிக்கு வந்தாள். அழவில்லை, காலில் விழவில்லை.

"நீங்க பாக்காம எதையும் சொல்ல மாட்டீங்கன்னு சொன்னாங்கண்ணே. ஒருதரம் எங்கூட வந்து அந்த எடத்தப் பாத்துடுங்க. அதுக்கப்பறம் நீங்க என்னா சொன்னாலும் சரி."

கையெழுத்துக் கேட்டவர்கள் உண்டு. வந்து பார் என்று கூப்பிட்டவர்கள் இந்த இருபது வருடத்தில் ஒருவர்கூட இல்லை. கொளஞ்சியப்பன் பெட்டியைச் செங்கல்மேல் ஏற்றிவைத்தார். "ஞாயித்துக்கெழம வர்றன்" என்றார்.

தன் சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். பஸ்ஸைவிட்டு இறங்கி இருவரும் ஆற்றுக்குள் நடந்தார்கள். உச்சிவெயில். தண்ணீர் எங்கோ தூரத்தில் கோடுபோலக் கிடந்தது. இந்தப் பக்கம் முழுக்க மணல். கண்ணுக்கு எட்டியமட்டும் ஒரு செடி இல்லை.

"இந்த எடந்தாண்ணே. நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து இங்க ஒரு புல்லு மொளச்சதில்ல. நல்லாப் பாருங்க. மரம் எங்க இருக்கு?"

அவர் கண்ணை மூடவில்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாலா பக்கமும் பொறுமையாகப் பார்த்தார். அமிர்தத்துக்கு மூன்று வருடத்தில் முதல்முறையாக மூச்சு நிதானமாக வந்தது. மனிதர் பார்த்துவிட்டார், இனி பிள்ளை பிழைத்துவிடுவான் என்று நம்பினாள்.

"வாம்மா, கிட்டக்கப் போயிப் பாப்பம்" என்று அவர் முன்னால் நடந்தார். பத்துப் பன்னிரண்டு அடி போனதும் அவர் கண்ணின் சுருக்கம் தளர்ந்தது. நிழலுக்குள் வந்துவிட்டவர்போலத் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தலையைத் தாழ்த்திக் குனிந்து, வலக்கையால் எதையோ மேலே தூக்கிப் பிடித்தபடி திரும்பினார்.

"பாத்து வாம்மா, தலையில இடிச்சிக்கப்போற" என்று, அவள் வந்து தாண்டுகிறவரை, அந்தக் கையை இறக்காமல் நின்றார்.