அக்காவிடம் கேட்காத ஐசி

போர்டிக்சன் பக்கம் எங்கள் தோட்டத்தில், தெரிந்தவரிடம் அடையாள அட்டையைக் கேட்டால் பேச்சுவார்த்தையே நின்றுவிடும். "என்னமோ போலீஸ்காரி மாதிரி ஐசி கேக்குறா" என்று லயத்து வீடுகள் முழுக்கப் பரவிவிடும். சிரம்பானில் கணக்காளர் அலுவலகம் திறந்த பிறகும் அந்தப் புத்தி என்னை விடவில்லை.

தோட்டத்தில் பக்கத்து வீட்டில் இருந்த அக்காவின் பெயரில் புல் வெட்டும் கம்பெனி ஒன்றைப் பதிவு செய்ய அவருடைய தம்பி வந்தான். சட்டப்படி நான் அக்காவை நேரில் பார்த்து, கம்பெனி உண்மையில் யாருடையது, பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டிருக்க வேண்டும். என்னைத் தூக்கி வளர்த்த அக்காவையா விசாரிப்பது? தம்பி அனுப்பிய ஐசி படத்தை வைத்துக்கொண்டு, 'நேரில் சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அறிவுகெட்ட கை!

சில மாதங்களில் அந்தக் கம்பெனிக் கணக்கில் வந்துபோன பணத்தைப் பார்த்தேன். மலேசியாவில் உள்ள புல்லையெல்லாம் வெட்டினாலும் அவ்வளவு வராது. மத்திய வங்கிக்குச் சந்தேக அறிக்கை அனுப்பினேன், என் பொய் டிக்கையும் சேர்த்து எழுதி. அனுப்பியதைப் பற்றி அக்காவிடம் மூச்சு விட்டாலும் குற்றம். ஜெயில்கூடக் கிடைக்கலாம்.

மறுநாள் மத்தியானம் கதவைத் தள்ளிக்கொண்டு அக்காவே வந்து நின்றார். சுங்கை காடுட் தொழிற்சாலைச் சீருடை, அரைநாள் லீவு.

"தம்பி இன்னொரு பேங்க் பேப்பர் குடுத்திருக்கான்மா. நீ சரின்னா இங்கயே கையெழுத்து போட்டுடுறேன் லா."

போடாதீங்க என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் ஏன் என்று கேட்பார். பேசாமல் இருந்தால் போட்டுவிடுவார். நாளைக்குப் போலீஸ் தேடப்போவது அவரைத்தான், தம்பியை அல்ல.

இழுப்பறையைத் திறந்து, அன்று நிரப்பாமல் விட்ட படிவத்தை எடுத்தேன். எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். இதைக் கேட்பதே அறிக்கை போனதைச் சொன்னதாகிவிடுமோ என்ற பயத்தோடே படிவத்தை மேசையில் விரித்தேன்.

"அக்கா, ஐசி கொடுங்க."

"என்கிட்டயா கேக்குற?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

"கம்பெனிக்கு எத்தனை லோரி இருக்கு?"

"தெரியலயேமா."

"வேலை எங்க நடக்குது?"

"அது தம்பிக்குத்தான் தெரியும்."

"பணம் யார்கிட்டேர்ந்து வருது?"

அக்காவின் சிரிப்பு போய்விட்டது. கையில் எடுத்திருந்த பேனாவை மூடினார். பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"இதெல்லாம் அன்னிக்கே என்கிட்ட கேட்டிருக்கலாமேமா" என்றார்.