யானையை விரட்டும் விளையாட்டு

சம்மாந்துறையில் ஒரு கணினி வகுப்புக்கு மின்விசிறி மாட்டப் போனபோது அங்கே படிப்பிக்கும் ரீச்சரைப் பார்த்தேன். கறுப்பு அபாயா, தூக்கம் போதாத கண்கள். பிள்ளைகள் தாங்களே விளையாட்டுகளைச் செய்து, கணினிக்குக் கட்டளை எழுதப் பழகும் வகுப்பு அது. யார் பிழை விட்டாலும் அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார், மவுஸைத் தொடமாட்டார்.

அன்று ஒரு விவசாயி மகளைக் கூட்டிப்போக வந்து நின்றார். “படிக்க அனுப்பினா விளையாடக் காட்டிக் குடுக்கிறீங்களா ரீச்சர்? இனி இவ வரமாட்டா.”

“அவ செஞ்சத ஒருக்காப் பாத்துட்டுக் கூட்டிப் போங்க.”

திரையில் வயலுக்குள் ஒரு யானை வந்தது. மகள் ஒரு விசையைத் தட்டி வெடி கொளுத்தினாள், யானை ஓடியது. விவசாயி சிரித்துவிட்டார். “ஒரு வெடிக்கு ஓடுற ஆன எங்க புள்ள இரிக்கி? அது வாய்க்காலால சுத்தி மறுபக்கம் வரும்.”

“அப்ப அதுக்கும் கட்டளை எழுதணும் வாப்பா. நேரமெடுக்கும்,” என்றாள் மகள்.

“எழுதிட்டு வா,” என்று அவர் தனியே போனார்.

“வெண்டுட்டீங்க ரீச்சர், புள்ளய விட்டுட்டுப் போறார்,” என்றேன்.

ரீச்சர் கதிரையில் சரிந்து உட்கார்ந்தார். “நாளைக்கு இன்னொரு வாப்பா வருவார். அவருக்கு வயலுமில்ல, ஆனையுமில்ல. அவருக்கு நான் எதைக் காட்டுற?”

நான் ஏணியில் ஏறி மின்விசிறியை மாட்டி முடித்தேன். அந்த வாப்பாவுக்கு ரீச்சர் எதைக் காட்டியிருப்பார் என்று இன்றும் சில வேளை யோசிப்பதுண்டு.