உத்திராபதியின் மீதி மாத்திரைகள்

சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவே தனியார் பஸ் ஓட்டிய உத்திராபதிக்குத் தாராள மனசைத் தவிர வேறு கெட்ட குணம் கிடையாது. 1966இல் முதல் தடவை நீர்க்கடுப்பு வந்தபோது ஏழு நாளைக்கு சல்ஃபா மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாம் நாளே எரிச்சல் நின்றது. நின்ற பிறகும் விழுங்குவது வீண் என்பது அவர் கட்சி. மீதியைப் பொட்டலமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் யார் முனகினாலும் இரண்டு எடுத்து நீட்டினார். பல்வலி, சேற்றுப்புண், மருமகள் பேச்சால் வந்த தலைவலி, எல்லாவற்றுக்கும் அதே இரண்டு. வாங்கியவர்கள் கும்பிட்டார்கள், மனுஷன் பூரித்துப்போனார்.

எரிச்சல் திரும்பி வந்தது. மறுபடி மாத்திரை, மறுபடி இரண்டு நாள், மறுபடி பொட்டலம். நாலாவது முறை ஏழு நாளும் முழுசாகத் தின்றும் கிருமி அசைந்து கொடுக்கவில்லை. புதுச்சத்திரம் தாண்டி ஒரு தடவை, ஆலப்பாக்கம் தாண்டி ஒரு தடவை என்று பஸ்ஸை ஓரம்கட்டிவிட்டுப் புதர் மறைவுக்கு ஓடினார். முகூர்த்தத்துக்குக் கிளம்பியவர்கள் பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். பஸ் முதலாளி அப்துல் ஹக் கூப்பிட்டனுப்பினார்.

“இனிமே ஸ்டாப் இல்லாத எடத்துல ஒரு தடவ நிறுத்தினாலும் சாவியக் குடுத்துட்டுப் போயிடு, உத்திராபதி.”

பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிறவர். ஸ்டியரிங்கை விட்டால் வேறு எதைப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியாது. பயந்துபோய்க் கடலூரில் ஒரு பெரிய டாக்டரிடம் ஓடினார். அவர் சிறுநீரிலிருந்த கிருமியைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, மேலே மருந்து தோய்த்த காகித வட்டங்களை வைத்துக் காட்டினார். ஒரே ஒரு வட்டத்தைச் சுற்றித்தான் கிருமி ஒதுங்கியிருந்தது. சல்ஃபா வட்டத்தை ஒட்டிச் சம்மணம் போட்டுக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

“பாதியில நிறுத்தி நிறுத்தி, மருந்துக்கு அசராத கிருமியா பாத்து நீங்களே வளத்திருக்கீங்க. இந்தப் புது மாத்திரைய ஒண்ணு மீதி வைக்காம சாப்பிடணும். யாருக்கும் குடுக்கக் கூடாது.”

புது மாத்திரை சிறுநீரைக் கடுங்காப்பி நிறமாக்கி அவரை ஒரு ஆட்டு ஆட்டியது. ஆனால் மூன்றே நாளில் எரிச்சல் போய்விட்டது. அன்று சோறு போடும்போது மனைவி பட்டம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“எனக்கும் ஒரு மாசமா எரியுதுங்க. சொல்ல வெக்கமா இருந்துது. ஒங்க மாத்திரையில ரெண்டு குடுங்க.”

கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பெண்டாட்டிக்கு இல்லாத மாத்திரையா? இருந்தாலும் வெறுங்கையாகவே வெளியே எடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக இல்லை என்று சொன்னது அவருக்கே வலித்தது.

“குடுக்க மாட்டேன் பட்டம்மா. நாளைக்கு என்கூட வா, டாக்டரையே பாத்துடலாம்.”

மறுநாள் காலை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அவளை உட்கார வைத்தார். கெட்ட நேரம், முதலாளியும் அதே வண்டியில் ஏறினார். புதுச்சத்திரம் தாண்டியதும் பட்டம்மாள் முன்னால் குனிந்தாள்.

“என்னங்க, முடியல.”

அடுத்த ஸ்டாப்புக்கு மூன்று மைல் இருந்தது. கண்ணாடியில் முதலாளியின் கடுகடுத்த முகம் தெரிந்தது. வேலை போனால் போகட்டும் என்று பிரேக்கை மிதித்தார். பட்டம்மாள் இறங்கி ஓடினாள். அவர் சாவியைப் பிடுங்கி, “இந்தாங்க மொதலாளி” என்று திரும்பினார்.

முதலாளி சீட்டில் இல்லை. கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு எதிர்ப்பக்கப் புதருக்குப் பறந்துகொண்டிருந்தார்.

திரும்பி வந்தவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காதபடி டிரைவர் காதருகே குனிந்தார்.

“நீ குடுத்த ரெண்டு மாத்திரை எனக்கும் கேக்கலப்பா. சாவியப் போடு. டாக்டர் வீடு வர்ற வரைக்கும் எந்த ஸ்டாப்புலயும் நிறுத்தாத.”