வெள்ளிக்கிழமைப் பாடம்

என் மகள் ஷைனிக்கு எந்தக் குறையும் கிடையாது. ஆனால் குறை இருக்கிறது என்று ஒரு காகிதம் சொல்கிறது. அந்தக் காகிதம் எழுதப்பட்டது நான் சொன்ன ஒரு பொய்யால். பெற்ற தாய்... நானேதான்!

நான்கு வருடங்களாக இதை யாரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் மண்டியிடும்போது "கோபப்பட்டேன் சாமி, ஜெபமாலை சொல்ல மறந்தேன் சாமி" என்று சில்லறைப் பாவங்களை அடுக்கிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். முன்பின் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது ஷார்ஜாவில், முவைலாவில். என் கணவர் சேவியருக்கு அபுதாபிக்கும் அப்பால் ருவைஸில் வேலை. வாரம் முழுக்க அங்கே கேம்ப்பில் இருப்பார். வெள்ளிக்கிழமை டியூட்டி முடிந்து பஸ் ஏறினால் மாலை மங்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறுபடியும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

தூத்துக்குடியிலிருந்து நானும் ஷைனியும் வந்து சேர்ந்தது பள்ளி ஆண்டின் நடுவில். எந்தப் பள்ளியிலும் இடமில்லை. அவளுக்கு அப்போது ஏழு வயது.

"கொஞ்ச நாள் வீட்ல சும்மா இருக்கட்டும்ட்டி. சீட்டு கெடைக்கும்போது பாப்போம்" என்றார் அவர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "சும்மா எதுக்கு இருக்கணும்? நான் சொல்லிக்குடுக்கேன். பி.எஸ்ஸி. படிச்சது சோறு பொங்கவா?" என்றேன். நான் அப்படித்தான். வாய் முன்னே போகும், புத்தி பின்னால் வரும்.

வீட்டுப்பள்ளிக்கென்றே அச்சிட்ட ஸ்பெல்லிங் புத்தகம் ஒன்றை வாங்கினேன். அதன் கணக்கு எளிமையானது. நான்கு நாட்கள் புதுச் சொற்கள், நாளுக்கு ஐந்து. ஐந்தாம் நாள் புதிது எதுவும் கூடாது, பழைய சொற்களை மட்டுமே திருப்பிப் பார்க்க வேண்டும். போன வாரத்துச் சொற்கள், போன மாதத்துச் சொற்கள் எல்லாம் அன்றைக்கு வரும். பிள்ளைக்குப் பழையது நிற்காவிட்டால் அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள், அங்கேயே நில்லுங்கள் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். நான் அதைப் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. வெள்ளிக்கிழமை... அவர் வரும் நாள்!

முதல் வாரம் அவர் வந்ததும் அந்த வாரப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். இவள் இருபதையும் தப்பில்லாமல் எழுதினாள். அந்த மனிதரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! வாரம் முழுக்க வெயிலில் காய்ந்து, நாலு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி வந்த களைப்பெல்லாம் எங்கே போனதோ. நோட்டைப் போட்டோ எடுத்து ரூம்காரர்களுக்கு அனுப்பினார். "எல்லாவனும் வாயப் பொளந்துட்டானுவ" என்று அடுத்த வாரம் வந்து சொன்னார்.

எனக்கு அது போதாதா? அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மாலை அவருடைய டிக்டேஷன் என்றாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை, பழைய பாடத்தைத் தொட வேண்டிய நேரத்தில், அந்த வாரத்து இருபது சொற்களையே அவளுக்கு மறுபடி மறுபடி ஊட்டினேன்.

"அம்மா, டுடே ஓல்ட் வேர்ட்ஸ் டே இல்லையா?" என்று குழந்தை கேட்டாள். அவளே கேட்டாள்!

"அத அடுத்த வாரம் பாத்துக்கிடலாம். இத எழுதுட்டி."

அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. ஒரு புத்தகம் முடிந்தது, இரண்டாவது முடிந்தது, மூன்றாவதையும் தொடங்கினோம். மற்றவர்களுக்கு ஆகும் நாளில் பாதியிலேயே ஒரு புத்தகம்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

எதிர் ஃபிளாட்டில் சுகந்தி அக்கா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அவரும் இரண்டு பையன்களை வீட்டில் வைத்துத்தான் படிப்பித்தார். அவர் பையன்கள் இன்னும் முதல் புத்தகத்திலேயே இருந்தார்கள். "உங்க பசங்க கல்யாணத்துக்குள்ளயாவது முடிச்சிருவாங்களா அக்கா?" என்று நான் கேலி செய்வேன்.

அவர் கோபப்பட மாட்டார். "ஓடிப்போய் என்ன காணப்போறம்? பிள்ளையள் மறந்துபோயிடுங்கள். நான் பழசைத்தான் திருப்பித் திருப்பிக் கேக்கிறனான்" என்பார். நான் இதை வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை... என் கணவர் புத்தகத்தைக் கையில் வாங்கி, என்ன தோன்றியதோ, பக்கங்களைப் பின்னால் புரட்டினார். "மக்கா, இன்னைக்கு அப்பா பழசுல இருந்து ஒரு பத்து கேக்கட்டா?"

ஒன்றரை மாதத்துக்கு முந்திய சொற்கள்தான். முதல் சொல்லைச் சொன்னார். ஷைனியின் பென்சில் நோட்டில் ஊன்றியபடியே நின்றது. நான் அவருக்குப் பின்னால், சமையலறை வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவர் கண் புத்தகத்தில் இருந்தது.

என் உதடுகள் அசைந்தன. சத்தமில்லாமல், ஒவ்வொரு எழுத்தாக. அவள் எழுதினாள். பத்துக்குப் பத்து!

அன்றைக்கு நான் சிரித்துக்கொண்டே, "பழசு இன்னும் திருப்பிப் பாக்கல, கேக்காதிய" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. "சரி விடு, சோத்தப் போடு" என்றிருப்பார். இவ்வளவுதான் விஷயம். ஆனால் "சோறு பொங்கவா படிச்சேன்" என்று கேட்டவளாயிற்றே நான்... தோற்றுப்போனதாக அவர் நினைத்துவிடுவார் என்று பயந்தேன்.

பிறகு அது பழக்கமாகிவிட்டது. சமையலறை தெரியும்படியான இடத்தில் அவளே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். நானும் ஏதாவது ஒரு காயை வைத்துக்கொண்டு வாசலில் நிற்பேன். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தாலாவது அவளுக்கு அது தப்பு என்று தெரிந்திருக்கும். திருடக் கற்றுக்கொடுத்தேன், அதற்குத் திருட்டு என்று பெயர்கூடச் சொல்லவில்லை.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. அவளுக்கு ஒன்பது வயதானபோது ஒரு பள்ளியில் இடம் கிடைத்தது. நுழைவுத் தேர்வு வைத்தார்கள். முடிந்ததும் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். குழந்தைக்குச் சிறு வகுப்புச் சொற்கள்கூட நினைவில் இல்லை என்றார்கள். ஒவ்வொரு சொல்லையும் எழுதும் முன் எதிரில் இருப்பவர் வாயையே பார்க்கிறாள். ஒரே மாதிரி உதட்டை மூடித் திறக்கும் எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதுகிறாள். காதில் ஏதும் கோளாறோ, கற்பதில் ஏதும் சிக்கலோ, யாரிடமாவது காட்டிவிட்டு வாருங்கள் என்றார்கள்.

எனக்கு அந்த நிமிடமே தெரியும். என்ன கோளாறு, யாருடைய கோளாறு என்று எனக்குத் தெரியும்!

விஷயத்தைக் கேட்டு என் கணவர் எமர்ஜென்சி லீவு போட்டார். "பிள்ளைக்குக் காது கேக்கலியோ... நாமதான் கவனிக்காம விட்டுட்டமோ?" என்று என்னிடம் கேட்டபோது குரல் உடைந்துவிட்டது. அந்தக் கடற்கரைக்காரர் அழுது நான் பார்த்ததில்லை. காதில் கருவியை மாட்டி அவளை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காது நன்றாகத்தான் இருந்தது.

அடுத்து ஒரு நிபுணர். நிதானமான அம்மாள், கேரளத்துக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். ஷைனியை எதையெல்லாமோ எழுத வைத்தார், படம் காட்டிக் கேட்டார். கடைசியில் என் பக்கம் திரும்பினார். படித்த சொற்களை எத்தனை நாளுக்கு ஒருமுறை திருப்பிப் பார்ப்பீர்கள் என்று கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. "யோசிச்சுச் சொல்லுங்க. திருப்பிப் பாக்காத பிள்ளை மறக்கறது சகஜம். அதுக்கு வைத்தியம் வேண்டாம். ஆனா ரெண்டு வருஷம் ஒழுங்கா திருப்பிப் பாத்தும் மறந்தா, அது வேற" என்று விளக்கமாகவே சொன்னார்.

உண்மையைச் சொல்லக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார் அந்த அம்மாள். நான் நுழைந்திருந்தால் போதும்!

என் பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னேன்: "எல்லா வெள்ளிக்கிழமையும் பாப்போம் மேடம். ஒரு வாரம்கூட விட்டதில்ல."

"ஆமா மேடம், நானே டிக்டேஷன் போடுவேன்" என்றார் என் கணவர். அவர் அறிந்த உண்மை அது.

நிபுணர் குழந்தையைப் பார்த்தார். "அப்படியா மோளே?"

ஷைனி என்னைப் பார்த்தாள். பிறகு, "யெஸ் மேம். அம்மா எவ்ரி ஃப்ரைடே சொல்லித் தருவாங்க. எனக்குத்தான் மறந்துபோகுது" என்றாள்.

ஒன்பது வயது! என் மானத்தைக் காப்பாற்ற அந்தக் குழந்தை தன்னைக் கொடுத்துவிட்டது. அப்போதாவது நான் வாயைத் திறந்தேனா? இல்லையே... கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தேன்.

காகிதம் வந்தது. கற்றலில் குறைபாடு, தனிக் கவனிப்பு தேவை என்று எழுதியிருந்தது. பள்ளியில் ஒரு வகுப்பு கீழே சேர்த்துக்கொண்டார்கள். வாரத்தில் மூன்று நாள், மற்றப் பிள்ளைகள் பார்த்திருக்க, இவளை மட்டும் தனி அறைக்கு அழைத்துப் போவார்கள். என் கணவர் என் தோளைத் தட்டி, "ஒன் மேல தப்பு ஒண்ணும் இல்லட்டி. நீ எம்புட்டுப் பாடுபட்ட!" என்று தேற்றினார். கன்னத்தில் ஒரு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு வெட்கத்தை விட்டுச் சுகந்தி அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். முழுவதும் சொல்லவில்லை. பிள்ளைக்கு மறந்துபோகிறது, நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் ஒரு பேரீச்சம்பழ டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே சொல் எழுதிய அட்டைகள். நேற்றையது ஒரு கட்டு, போன வாரத்தது ஒரு கட்டு, போன மாதத்தது ஒரு கட்டு. "இதுக்குள்ள பெரிய வித்தை ஒண்டும் இல்லை. பிள்ளை தடக்குப்பட்டா அந்த அட்டை நேற்றையக் கட்டுக்குத் திரும்பி வந்திடும். நீர் அவசரப்படாமல் இரும், காணும்" என்றார். காணும் என்றால் அவர்கள் பேச்சில் போதும்.

அவசரப்படாமல் இருந்தேன். முதல் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து, நாளுக்கு மூன்றே சொற்கள். ஐந்தாம் நாள் பழையது மட்டும். எட்டு மாதத்தில் முதல் புத்தகம் முழுவதும் அவளுக்குள் இறங்கிவிட்டது. எதைக் கேட்டாலும் எழுதினாள். அப்படியென்றால் என்ன அர்த்தம்? பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை என்று அர்த்தம்! அதுவரை சந்தேகம் என்று சொல்லியாவது என்னை ஏமாற்றிக்கொள்ள முடிந்தது. அந்த வழியும் அடைபட்டுப் போனது.

என் கணவர் மாதாவுக்கு நன்றி சொன்னார். தனி வகுப்பு ஆசிரியைக்குக் கேக் வாங்கிக் கொடுத்தார். மறுபடி சோதித்துப் பார்த்து அந்தக் காகிதத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று பள்ளியிலேயே சொன்னார்கள். நான்தான் "இருக்கட்டும், பிள்ளைக்கு உதவியா இருக்கும்" என்று மறுத்தேன். மறுபடி போனால் அந்த நிபுணர் மறுபடி கேட்பாரே... என்ன மாற்றினீர்கள், முன்பு என்ன செய்தீர்கள் என்று கேட்பாரே! முதல் பொய்யைப் பதற்றத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை நன்றாக யோசித்துத்தான் செய்தேன்.

அவளிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ நாள் அவள் அறை வாசல்வரை போயிருக்கிறேன். அவள் நிமிர்ந்து "வாட் மா?" என்பாள். "பால் குடிக்கியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். அன்றைக்கு எனக்காகத்தான் பொய் சொன்னாள் என்பது அவளுக்கு நினைவிருக்கிறதா? அல்லது சொன்னதையே நம்பத் தொடங்கிவிட்டாளா? தெரியவில்லை என்றுதான் போன மாதம்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. புது வகுப்பு தொடங்கியதும் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. படிவங்களையெல்லாம் அவளே நிரப்பிவிடுவாள், கையெழுத்து மட்டும்தான் நான். காலை அவசரத்தில் என் முன்னால் வைத்தாள். மாணவருக்குக் கற்றலில் ஏதேனும் குறைபாடு உண்டா என்று ஒரு கேள்வி. 'ஆம்' என்பதில் டிக் போட்டிருந்தாள். கீழே விவரம் எழுதச் சொன்ன இடத்தில் ஆங்கிலத்தில் நான்கு வரிகள் எழுதியிருந்தாள். எனக்குச் சிறு வயதிலிருந்தே படித்தது நிற்பதில்லை, என் அம்மா மிகவும் பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்தும் நின்றதில்லை, ஆசிரியர்கள் தயவுசெய்து என்னிடம் பொறுமையாக இருக்க வேண்டும்.

இரண்டு முறை படித்தேன். நான்கு வரிகளிலும் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

"அம்மா, சைன் பண்ணுங்க. யல்லா, சீக்கிரம், பஸ் வந்துரும்" என்றாள்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.