பதினேழாம் நம்பர் ஆணி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஊருக்கே தெரிந்த விஷயம். முப்பத்தோரு வருஷ சர்வீஸில் என்னிடம் எதிர்வாதம் பண்ணி ஜெயித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எண்ணிப் பார்த்தால் எல்லா விரலும் ஐடாவுக்கே போய்விடும். அவள் சத்தம் போடுகிறவள் இல்லை. நான் கத்தி முடிக்கிறவரை நின்று கேட்பாள். பிறகு, "சரிங்க மிஸ், அப்ப எப்ப ஆரம்பிக்கலாம்?" என்பாள். ஆள் ஐந்தடிகூடக் கிடையாது. ஆனால் அசைக்க முடியாது.

ஐடா எங்கள் பள்ளியின் சயின்ஸ் டீச்சர். நான் தலைமையாசிரியை, பார்வதம்மா. அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஸ்கெலட்டன் என்கிற தங்கச் சுரங்கக் குடியிருப்பில் ஒரு லைன் வீடு. அப்பா ஆர்தர், அந்த மைன்ஸ் மூடுகிறவரை அங்கே டோக்கன் கொடுக்கிற ஆபீஸில் இருந்தவர். படித்து முடித்ததும் ஊரில் மற்றவர்களைப் போல இவளும் விடிவதற்கு முன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போனாள். ஒன்பது வருஷம் வெறும் வயிற்றோடு ஏறி, கடைசியில் அல்சரோடு இறங்கினாள். அதன்பிறகுதான் எங்களிடம் வந்து சேர்ந்தாள்.

போன ஜூன் மாதம், காலைப் பிரேயரில் ஒரே நாளில் மூன்று பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். வெயில்கூட இல்லை. நான், "என்ன நாடகம் இது!" என்று ஒரு சத்தம் போட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஐடா நேராக எட்டாம் வகுப்புக்குப் போய், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். முப்பத்தெட்டுப் பேரில் இருபத்தோரு பேர் ஒன்றும் சாப்பிடவில்லை. மிச்சப் பேர் பன், பப்ஸ், சிப்ஸ் பாக்கெட்.

பெற்றவர்களையும் குறை சொல்ல முடியாது. முக்கால்வாசிப் பேர் அந்த ரயிலில்தான் போகிறார்கள். அம்மாக்காரி மூன்று மணிக்கே எழுந்து சோறாக்கி மூடி வைத்துவிட்டு ஓடுவாள். ஏழு மணிக்கு எழுகிற பிள்ளை அந்த ஆறிப்போன சோற்றைத் தொடாது. நேரே பேக்கரிக்குப் போகும்.

"சனிக்கெழம சனிக்கெழம சமையல் கிளாஸ் வெக்கிறேன் மிஸ். அவங்க டிபன அவங்களே செஞ்சிக்கட்டும்" என்றாள் ஐடா.

"இது ஸ்கூலா, ஓட்டலா?" என்றேன். கேஸ், கத்தி, எண்ணெய் என்று பயந்து பயந்து அரைமணி நேரம் திட்டினேன். நின்று கேட்டாள். அடுத்த சனிக்கிழமை பழைய லேப் ரூமில் இரண்டு அடுப்பு வந்துவிட்டது.

முதல் நாள் கிண்டிய உப்புமாவை வைத்துச் சுவரில் போஸ்டர் ஒட்டியிருக்கலாம். பிள்ளைகள் அதையும் விடாமல் தின்றார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கை வந்தது. முருங்கைக்கீரை போட்ட ராகி அடை, முட்டைப் பொடிமாஸ், தக்காளி போட்ட அவல். சத்து, சத்து என்று ஐடா பிரசங்கம் வைக்க மாட்டாள். சிப்ஸை ஒரு வெள்ளைத்தாளில் வைத்து நசுக்கச் சொன்னாள். தாள் முழுக்க எண்ணெய் ஊறியதும், "இத்தயா மிஸ் தின்னுனு இருந்தோம்? சீ!" என்று ரூபேஷ் என்ற பையன் கத்தினான். அன்றிலிருந்து பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, உப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று படிப்பது அவர்களுக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

ஆனால் பள்ளியில் பற்றவைப்பது வேறு, பெரியவர்கள் யாருமில்லாத வீட்டில் பற்றவைப்பது வேறு. அதற்கு ஐடா கண்டுபிடித்த வழிதான் டோக்கன். அந்தக் காலத்தில் மைன்ஸில் இறங்குகிறவன் நம்பர் போட்ட டோக்கனை வாங்கிக்கொண்டு இறங்குவான், மேலே வந்ததும் திருப்பிக் கொடுப்பான். ஒரு டோக்கன் குறைந்தால் ஒருத்தன் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். இந்த ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஐடா முப்பத்தெட்டுத் தகர வில்லையில் நம்பர் போட்டாள். வராந்தாவில் ஒரு பலகை, முப்பத்தெட்டு ஆணி. ஒரு மாதம் பள்ளியில் பழகி, ரெகுலேட்டரை மூடுவது வரை பிசகாமல் செய்தால்தான் டோக்கன். சாயந்தரம் எடுத்துப் போக வேண்டும். காலையில் சமைத்து, சாப்பிட்டு, கேஸை மூடிவிட்டு வந்து முதல் மணிக்குள் மாட்டிவிட வேண்டும். டோக்கன் கையில் இல்லாமல் அடுப்பைத் தொடக்கூடாது. ஆணி ஒன்று காலியாக இருந்தால் ஐடாவே அந்த வீட்டுக்குப் போவாள். அந்த டோக்கன் திரும்பி வருகிறவரை மறுநாளைக்கு யாருக்குமே டோக்கன் கிடையாது.

மூன்று மாதம் ஒரு ஆணியும் காலியாகவில்லை. பிரேயரில் ஒருத்தரும் விழவில்லை. அம்மாக்கள் மூன்று மணிக்கு எழுவதை விட்டுவிட்டு நாலு மணிவரை தூங்கினார்கள்.

இதெல்லாம் பிடிக்காத ஒரே ஆள் மாணிக்கராஜ். பெற்றோர் கமிட்டித் தலைவர். பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அவரும் அதே ரயில்தான். ஊரிலேயே நந்திதுர்க் பக்கம் வீடு. மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. இருப்பது ஒரே பெண், சுனிதா. பதினேழாம் நம்பர். என் ரூமுக்கே வந்து மேஜையைத் தட்டினார்.

"பெரிய மிஸ், நான் இல்லாத வீட்ல எம்பொண்ணு கேஸப் பத்த வெக்கிறா. வயித்துல நெருப்பக் கட்டினு ரயில்ல போறேன் நான். ஞாயித்துக்கெழம மீட்டிங் போடுங்க. இந்தக் கிளாஸ இழுத்து மூடியாகணும்."

கமிட்டி வேண்டாம் என்றால் நான் நடத்த முடியாது. அதுதான் சட்டம். ஐடாவிடம் சொன்னேன். முதல்முறையாக அவள் முகம் விழுந்ததைப் பார்த்தேன். "மூடிட்டா மறுபடியும் பன்னுதான மிஸ்?" என்றாள்.

வியாழக்கிழமை காலை முதல் மணி அடித்தது. பதினேழாம் நம்பர் ஆணி காலி.

ஐடா சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினாள். நான் எப்படிச் சும்மா இருப்பது? எனக்கு முட்டிவலி. திட்டிக்கொண்டே பின்னால் ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. தட்டினோம். சுனிதா திறந்தாள். கண் சிவந்திருந்தது. உள்ளே அடுப்பு மேடையில் வெங்காயம் நறுக்கி வைத்திருந்தது, ராகிமாவு பிசைந்திருந்தது, பக்கத்தில் ஒரு முட்டை, லைட்டர். அடுப்பு மட்டும் பற்றவைக்கவில்லை.

"டோக்கன காணோம் மிஸ். அப்பா எத்துனு பூட்டாரு. ஆணி காலியா இருக்குமே, எப்பிடி ஸ்கூலுக்கு வர்றதுன்னு இங்கயே உக்காந்துனு இருந்தேன்."

எனக்கு வந்த கோபத்தில் அந்த மனுஷன் எதிரே இருந்திருந்தால் அவ்வளவுதான். டோக்கன் இல்லாவிட்டால் மைன்ஸில் ஆளைக் கீழே இறக்குகிற கேஜில் ஏற முடியாது. அந்தக் கணக்கிலேயே மகளின் டோக்கனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரயிலேறிவிட்டார். ஐடா போன் பண்ணினாள். "மீட்டிங்ல பேசிக்கலாம் மிஸ்" என்று வைத்துவிட்டார்.

ஒரு டோக்கனை எடுத்தால் ஒரு அடுப்புதான் நிற்கும் என்று அவர் நினைத்துவிட்டார். அங்கேதான் மனுஷன் வசமாக மாட்டிக்கொண்டார். பதினேழு திரும்பாததால் அன்று சாயந்தரம் ஒருத்தருக்கும் டோக்கன் இல்லை. வெள்ளி, சனி, இரண்டு காலையும் முப்பத்தெட்டு வீட்டிலும் பிள்ளைகள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

"ஒரு தகரத்துண்டுதானே, புதுசா ஒண்ணு வெட்டி மாட்டுடி!" என்று கத்தினேன்.

"நான் ஒரு பொய் டோக்கன் மாட்டினா, நாளைக்கி அந்தப் பலகைய யார் நம்புவாங்க மிஸ்?" என்றாள்.

பிள்ளைகளை அவள் பட்டினி போடவில்லை. ஊறவைத்த பச்சைப்பயறு, வேர்க்கடலை, வெள்ளரி, எலுமிச்சம்பழம் என்று நெருப்பே இல்லாத டிபன் செய்யச் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் வீட்டில் அம்மாக்களுக்கு அது போதுமா? சூடாக ஏதாவது வைத்துவிட்டுப் போக வேண்டுமென்று பழையபடி மூன்று மணிக்கு எழுந்தார்கள். யாரால் என்று பிள்ளைகளிடம் கேட்டார்கள். தெரிந்துகொண்டார்கள். அதே ரயிலில், அதே பெட்டியில் மாணிக்கராஜும் போய்வர வேண்டுமே! இரண்டு நாள் அவருக்கு உட்கார யாரும் இடம்கூட விடவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்குக்கு இதுவரை பார்க்காத கூட்டம், பிள்ளைகளும் கூடவே வந்துவிட்டார்கள். மாணிக்கராஜ் எழுந்தார். "கேஸுன்றது விளையாட்டு சாமான் இல்ல..." என்று ஆரம்பித்தார்.

அவ்வளவுதான். ரூபேஷின் அம்மா ஈவ்லின் எழுந்துவிட்டாள். கார்மென்ட்ஸில் வேலை, தொண்டை அப்படி. "யோவ் தலைவரே! மூணு மாசமா நாலு மணி வரைக்கும் தூங்கினு இருந்தேன்யா. உன்னால ரெண்டு நாளா மூணு மணிக்கி எழுந்துனு இருக்கேன். டோக்கன குடுய்யா மொதல்ல!"

"குடுய்யா!" என்று நாலு பக்கமிருந்தும் சத்தம். எனக்கு உள்ளுக்குள் கும்மாளம். வெளியே, "சைலன்ஸ்!" என்று மேஜையைத் தட்டினேன்.

மாணிக்கராஜ் விடவில்லை. "கத்துங்க. நல்லா கத்துங்க. உங்க வீட்ல ரெண்டு பேரு மூணு பேரு இருக்கீங்க. எனக்கு இன்னா கீது? இவ ஒருத்திதான். தனியா இருக்கறா. ஒண்ணு ஆச்சின்னா நான் யாரப் போய்க் கேக்கறது?" குரல் உடைந்துவிட்டது. அதுவரை திட்டிக்கொண்டிருந்த எனக்கே பாவமாகப் போயிற்று.

அப்போதுதான் ஐடா எழுந்தாள். "அண்ணா, வியாழக்கெழம உங்க வீட்ல நான் இன்னா பாத்தேன், சொல்லட்டுமா? வெங்காயம் அரிஞ்சி கீது. மாவு பெசஞ்சி கீது. லைட்டர் கைக்கு எட்ற தூரத்துல கீது. பசியில அழுதுனு உக்காந்திருந்தா. பாக்கறதுக்கு அந்த வீட்ல ஒரு ஆள் இல்ல. அப்பவும் டோக்கன் இல்லன்னு அவ அடுப்பத் தொடல. இதவிட உங்களுக்கு இன்னா தைரியம் வேணும்ணா?"

மாணிக்கராஜ் மகளைப் பார்த்தார். மூன்று நாளாக அவரோடு பேசாமலிருந்த பெண். "நெஜமாவா?"

"டோக்கன் நீ எத்துனு பூட்ட. அப்பறம் எப்பிடி பத்த வெப்பேன்?" என்றாள் சுனிதா, எரிச்சலாக.

அவர் சட்டைப்பையில் கை விட்டார். டோக்கனை எடுத்தார். வராந்தாவுக்கு நடந்தார். நாங்கள் எல்லாரும் பின்னால் முட்டி மோதிக்கொண்டு போனோம். பதினேழாம் நம்பர் ஆணியில் அவரே மாட்டினார். இரண்டு தடவை வழுக்கியது. மாட்டி முடித்ததும் பிள்ளைகள் போட்ட சத்தம் ஸ்கெலட்டன் வரை கேட்டிருக்கும். ஈவ்லின் ஐடாவைத் தூக்கியே விட்டாள். நான் கமிட்டி நோட்டில் எழுதினேன்: சமையல் வகுப்பு தொடரும், ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எல்லாருக்கும் நடக்கும். முதல் கையெழுத்து மாணிக்கராஜ். எழுதும்போது கண்ணாடியை இரண்டு தடவை துடைத்துக்கொண்டேன். அழுதேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கூட்டம் கலைகிற நேரம் அப்பனும் மகளும் பலகையருகே நின்றிருந்தார்கள். அன்றைக்கு ஞாயிறானாலும் ஐடா எல்லாருக்கும் டோக்கன் கொடுத்துவிட்டாள். பதினேழு சுனிதாவின் உள்ளங்கையில் இருந்தது.

"நாளைக்கி இன்னா செய்யப் போற?" என்று கேட்டார் மாணிக்கராஜ்.

"அடை. ஏன்?"

"நான் நாலரைக்கே கெளம்பிடுவேனே."

சுனிதா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப நாலு மணிக்கி என்ன எழுப்பிவுடு. ரெண்டு பேருக்கும் சேத்து சுட்றேன்."